நாற்பத்து மூன்று கையெழுத்து

(தலைப்பு: வெறுப்பை வெல்வது சட்டமா? மனமா? – 'மனமே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி எங்கள் அணியை ஒரு வழி பண்ணிவிட்டு, இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி வழக்கறிஞர் அம்மா அவர்களே! (சிரிப்பு) அரங்கத்திலும், அவரவர் வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

அம்மா என்ன சொன்னாங்க? "வெறுக்கிறவன் மனசைத் திருத்துறது சாமியார் வேலை. அவன் கையைக் கட்டுறதுதான் சட்டத்தின் வேலை. கையைக் கட்டிட்டா மனசு தானா அடங்கும்"னு சொன்னாங்க. நல்ல பேச்சு. நானே கை தட்டினேன். தட்டின பிறகுதான் நான் எந்த அணி என்பதே ஞாபகம் வந்தது. (சிரிப்பு, கைதட்டல்)

யூத வெறுப்புக்கு எதிரான சட்டங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தாங்க. பிரான்சில் 1990-ல் கேசோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம். யூதப் படுகொலையே நடக்கவில்லை என்று எவனாவது சொன்னால் அது குற்றம். அமெரிக்காவில் டாம் லாண்டோஸ். புடாபெஸ்டில் பிறந்தவர், பிள்ளைப் பருவத்திலேயே கட்டாய உழைப்பு முகாமுக்குப் போய்த் தப்பி வந்தவர். 1981 முதல் 2008-ல் இறக்கும் வரை அமெரிக்க காங்கிரசில் உறுப்பினர். நாஜிப் படுகொலையில் பிழைத்து அந்த சபைக்குப் போன ஒரே மனிதர். உலகத்தில் எங்கே யூத வெறுப்பு தலைதூக்கினாலும் அமெரிக்க அரசு கணக்கெடுத்து அறிக்கை தரவேண்டும் என்று 2004-ல் வந்த சட்டத்துக்கு முன்னால் நின்றவர். எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, அம்மா ஒன்றை மட்டும் விட்டுட்டாங்க. அந்த லாண்டோஸைப் பிள்ளைப் பருவத்தில் துரத்தியது எது? ரவுடிக் கூட்டமா? முதலில் வந்தது ரவுடி இல்லை. சட்டம்! ஹங்கேரி நாட்டில் 1938-ல் ஒன்று, 1939-ல் ஒன்று, 1941-ல் ஒன்று. யூதர்களுக்கு எதிராக மூன்று சட்டங்கள். நாடாளுமன்றத்தில் முறைப்படி வைத்து, விவாதம் பண்ணி, ஓட்டெடுத்து நிறைவேற்றின சட்டங்கள். கையைக் கட்டுறது சட்டத்தின் வேலைன்னு சொன்னீங்களே அம்மா, கட்டினாங்க. யார் கையை? அடி வாங்கினவன் கையை! (கைதட்டல்)

சரி, சட்டசபையில் உட்கார்ந்த ஒருவரைப் பற்றித்தான் நானும் சொல்லப்போகிறேன். உங்கள் ஆள் சட்டம் போட்டு வெறுப்பை எதிர்த்தவர். என் ஆள், முதலில் வெறுப்புச் சட்டத்துக்கே ஆதரவு கொடுத்தவர். பயந்துடாதீங்க, எங்க அணித் தலைவர் முகம் மாறுது பாருங்க! (சிரிப்பு) கதையைக் கேட்டுட்டு மாறட்டும்.

அந்த மனிதர் பெயர் டிமிடர் பெஷெவ். ஊர் பல்கேரியா. நமக்கும் பல்கேரியாவுக்கும் என்னங்க சம்பந்தம் என்று கேட்பீர்கள். யூதருக்கும் நமக்கும் மட்டும் என்ன சம்பந்தம்? நம்மில் பல பேர் வாழ்நாளில் ஒரு யூதரை நேரில் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் கந்துவட்டிக்காரனைத் திட்டும்போது "சரியான ஷைலாக்"னு சொல்லிவிடுகிறோம். ஆளைப் பார்க்கும் முன்னாலேயே ஆளைப் பற்றிய ஏளனம் கப்பலேறி வந்துவிட்டது. வெறுப்புக்கு பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம்.

பல்கேரியாவில் அப்போது ஏறத்தாழ 48,000 யூதர்கள். 1492-ல் ஸ்பெயின் நாட்டு ராஜாவும் ராணியும் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தினார்கள் இல்லையா, அப்படித் துரத்தப்பட்டவர்களின் வம்சம்தான் அவர்களில் பெரும்பாலோர். நானூறு வருஷம் கழித்தும் வீட்டுக்குள்ளே பழைய ஸ்பானிய மொழியில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய பணக்காரர்கள் இல்லை. கடை, தையல், கைத்தொழில், சிறு வியாபாரம். பக்கத்து வீட்டுக்காரர்கள். அவ்வளவுதான்.

பெஷெவ் 1894-ல் கியுஸ்தெண்டில் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். சட்டம் படித்தவர். 1935-ல் நீதி அமைச்சர். 1938 முதல் நாடாளுமன்றத்தின் துணை சபாநாயகர். வழக்கறிஞர் அம்மா, உங்கள் இனம்தான்! (சிரிப்பு) ஒழுங்கானவர், விதிமுறை தவறாதவர், அரசாங்கக் கட்சிக்காரர். புரட்சிக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. ஜெர்மனியோடு சேர்ந்தால் நாட்டுக்கு நல்லது என்று நம்பினவர்களில் அவரும் ஒருவர். அப்படி நம்பக் காரணமும் இருந்தது. 1940-ல் ஜெர்மனி பேசிக்கொடுத்ததால்தான் ருமேனியாவிடமிருந்து ஒரு பகுதி பல்கேரியாவுக்குத் திரும்பி வந்தது. நிலம் வாங்கிக் கொடுத்தவனுக்கு வாடகை கொடுக்கவேண்டாமா? அந்த வாடகைதான் 1940 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்.

அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "தேசப் பாதுகாப்புச் சட்டம்." பெயரைப் பாருங்கள்! வெறுப்பு ஒருநாளும் தன் சொந்தப் பெயரில் வராது. பாதுகாப்பு, ஒழுங்கு, நாட்டு நலன் என்று நல்ல வேட்டி கட்டிக்கொண்டுதான் வரும். உள்ளே என்ன இருந்தது? யூதருக்கு ஓட்டு இல்லை. தேர்தலில் நிற்க உரிமை இல்லை. அரசு வேலை இல்லை. மற்றவர்களோடு கல்யாணம் கூடாது. நிலம் வாங்கக்கூடாது. வைத்தியம், வக்கீல் தொழில் எல்லாவற்றிலும் இத்தனை பேர்தான் என்று அளவு. பெயரின் கடைசியில் பல்கேரியர் மாதிரி 'ஒவ்', 'எவ்' என்றுகூட வைத்துக்கொள்ளக்கூடாது! 1942-ல் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் வந்தது.

இதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். எழுத்தாளர்கள் எதிர்த்தார்கள். மருத்துவர் சங்கம், வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தன. அம்மாவுக்காக ஒரு கைதட்டல் போடலாம். (கைதட்டல்) கிறித்தவத் திருச்சபையின் தலைவர்களே எழுதிக் கொடுத்தார்கள், இது தப்பு என்று. பெஷெவ் எதிர்க்கவில்லை, ஆதரித்தார். பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் காரணம் சொல்கிறார்: இது தற்காலிகம், ஜெர்மனியைச் சமாளிக்க ஒரு ஏற்பாடு, இதற்கு மேல் போகாது என்று நினைத்தாராம்.

தற்காலிகம்! எங்கள் தெருவில் ஒருமுறை பள்ளம் தோண்டி, "தற்காலிக மாற்றுப்பாதை"ன்னு ஒரு பலகை வைத்தார்கள். அந்தப் பலகைக்கு இரண்டு தரம் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், பள்ளம் அப்படியே இருக்கிறது. (சிரிப்பு) பள்ளத்துக்கே அப்படி என்றால், ஒரு ஜனக்கூட்டத்தின் உரிமையை எடுக்கிற சட்டம் தற்காலிகமாக நிற்குமா? 1942-ல் அடுத்த படி. யூதர் விஷயத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று நாடாளுமன்றமே அமைச்சரவைக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டது. அதாவது, இனிமேல் எங்களைக் கேட்கவேண்டாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். யூதர் விவகாரத்துக்கென்றே ஓர் அலுவலகம். அதற்குத் தலைவர் அலெக்சாண்டர் பெலெவ், வெறுப்பையே உத்தியோகமாகப் பார்த்தவர்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். 1943 பிப்ரவரி 22. ஜெர்மனியிலிருந்து வந்த டானெக்கர் என்ற அதிகாரியும் பெலெவும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்த டானெக்கர் பாரிசில் யூதர்களைப் பிடித்து ஏற்றி அனுப்பி அனுபவம் பெற்றவர். ஒப்பந்தம் என்ன? திரேஸ், மாசிடோனியா என்று பல்கேரியா புதிதாகப் பிடித்து வைத்திருந்த நிலங்களிலிருந்து 20,000 யூதர்களை ஜெர்மானியரிடம் ஒப்படைப்பது. கணக்குப் பார்த்தால் அந்த நிலங்களில் 12,000 பேர்கூடத் தேறாது. மிச்சம் எட்டாயிரத்துக்கு எங்கே போவது? பெலெவ் பேனாவை எடுத்தார். "புதிய நிலங்களான திரேஸ், மாசிடோனியாவிலிருந்து" என்ற சொற்களின் மேல் ஒரு கோடு. அவ்வளவுதான்! அந்தக் காகிதம் இன்றும் இருக்கிறது. அடித்த கோடும் இருக்கிறது. மை தீர்ந்துபோகாத ஒரு பேனா, ஒரு கோடு. எட்டாயிரம் பல்கேரிய யூதர்களும் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள்.

எல்லாம் ரகசியம். ஆனால் ரகசியத்துக்கும் ஒரு மனசு குறுக்கே வந்தது. பெலெவின் அலுவலகத்தில் அவருடைய சொந்தச் செயலாளராக இருந்த பெண்ணே விஷயத்தை யூதர்களுக்குச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு எந்தச் சட்டம் "சொல்லு" என்றது? சட்டம் "வாயைத் திறக்காதே" என்றது. அவள் திறந்தாள்.

செய்தி பெஷெவின் சொந்த ஊரான கியுஸ்தெண்டிலுக்கும் வந்தது. ஊரில் ஒரு புகையிலைக் கிடங்கைக் காலி பண்ணித் தயாராக வைத்திருக்கிறார்கள். யூதர்களை அடைக்க! ஊர்க்காரர்கள் கூடினார்கள். தலைநகர் சோஃபியாவுக்குப் போய் நம் ஊர்க்காரர் பெஷெவைப் பார்க்கலாம் என்று முடிவு. நிறைய பேர் வருவதாகத்தான் இருந்தது. நம் ஊரிலேயும் அப்படித்தானே? கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம்னு தெருவே கிளம்பும். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், ஒருத்தருக்கு வயிற்று வலி, ஒருத்தருக்கு மாமனார் வந்துட்டார். (சிரிப்பு) கடைசியில் ரயில் ஏறியவர்கள் நாலே பேர். ஒரு வியாபாரி, ஒரு வாத்தியார், ஒரு வக்கீல், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். சுய்ச்மெசோவ், குர்தெவ், மொம்சிலோவ், மிஹாலெவ். வாயில் நுழையாத பெயர்கள்தான், ஆனாலும் சொல்லிவிட வேண்டும். நாலு பேரும் யூதர்கள் அல்ல.

"நாலு பேர் என்ன சொல்வாங்க"ன்னு நாம் பிள்ளைகளை அதட்டுகிறோமே, அந்த நாலு பேர் யார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். கியுஸ்தெண்டிலிலிருந்து ரயில் ஏறினார்களே, இப்படி ஒரு நாலு பேர் ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும்! (கைதட்டல்)

அதற்குள் பெஷெவிடம் இன்னொருவரும் வந்து சொல்லியிருந்தார். யாக்கோ பாருக் என்று ஒரு யூதர், பெஷெவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். பெஷெவ் முதலில் நம்பவில்லை. அரசாங்கம் அப்படியெல்லாம் செய்யாது என்று நினைக்கிற மனிதர் அவர். விசாரித்தார், தொலைபேசியில் கேட்டார். எல்லாம் உண்மை.

ராத்திரி நேரத்தில் தெரிந்தவர் வந்து கதவைத் தட்டினால் நாம் என்ன செய்வோம்? உண்மையைச் சொல்லுங்க. டி.வி. சத்தத்தைக் குறைச்சுட்டு, விளக்கை அணைச்சுட்டு, ஆளே இல்லாத மாதிரி உட்கார்ந்துக்குவோம். (சிரிப்பு) பெஷெவுக்கும் அந்த வசதி இருந்தது. சட்டம் அவர் பக்கம். பதவி கையில். "நான் என்ன செய்ய, நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்தாச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் தப்பு சொல்ல முடியாது. பல்கேரியச் சட்டப்படி பெஷெவ் பத்திரமாகத் தூங்கியிருக்கலாம்.

மார்ச் 9-ஆம் தேதி. மறுநாள் ரயில் கிளம்பவேண்டும். பெஷெவ் பிரதமரைப் பார்க்கக் கேட்டார், கிடைக்கவில்லை. சில உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு நேராக உள்துறை அமைச்சர் காப்ரோவ்ஸ்கியின் அறைக்குப் போனார். 1940-ல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே இந்தக் காப்ரோவ்ஸ்கிதான். அமைச்சர் முதலில், அப்படி எதுவும் இல்லையே என்றார். இவர்கள் ஊர் பேரோடு, தேதியோடு, கிடங்கோடு சொன்னார்கள். இப்போதே போய் சபையில் எழுப்புவோம், நாடு முழுக்கத் தெரியட்டும் என்றார்கள். அமைச்சர் எழுந்து போனார், யாரிடமோ பேசினார், திரும்பி வந்தார். பழைய எல்லைக்குள் இருக்கிற யூதர்களை அனுப்புவது நிறுத்திவைக்கப்படுகிறது என்றார்.

பெஷெவ் என்ன செய்தார் தெரியுமா? நன்றி சொல்லிவிட்டு வந்துவிடவில்லை. அமைச்சர் வார்த்தையை அமைச்சர் அறையிலேயே விட்டுவிட்டு வருகிறவர் நாடாளுமன்றவாதி ஆக முடியாது! (சிரிப்பு) இப்போதே ஊர் ஊராகச் சொல்லுங்கள் என்று நின்றார். அங்கிருந்தே தொலைபேசியில் சொல்லப்பட்டது. அதோடு விடாமல் கியுஸ்தெண்டிலுக்குத் தானே பேசி, உத்தரவு வந்து சேர்ந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு மனுஷன் ஒரு தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்த ஒரு சாயங்காலம்!

பிளோவ்டிவ் என்ற நகரத்துக்கு உத்தரவு வந்து சேரத் தாமதம். விடியற்காலையிலேயே ஏறக்குறைய 1,500 பேரைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் அடைத்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பேராயர் கிரில் நேரே அங்கே போனார். இவர்களை ஏற்றினால் நானும் கூடவே வருவேன் என்று நின்றார். சட்டம் அவரையும் விரட்டியது. அவர் நகரவில்லை. அன்றைக்கே அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள்.

இதோடு முடிந்தது என்றால் நான் உட்கார்ந்துவிடுவேன். பெஷெவ் ஒரு சட்டம் படித்தவர் என்று சொன்னேனே? 'நிறுத்திவைப்பு' வேறு, 'ரத்து' வேறு என்று அவருக்குத் தெரியும். இன்று நிறுத்தினவன் அடுத்த மாதம் அனுப்புவான். எனவே ஒரு கடிதம் எழுதினார், பிரதமர் ஃபிலோவுக்கு. பெண்களை, குழந்தைகளை, வயோதிகர்களை, ஒரு குற்றமும் செய்யாதவர்களை நாடு கடத்துவது இந்த அரசாங்கத்துக்குத் தகாது, பல்கேரியாவின் பெயரில் அழியாத கறை விழும் என்பது கடிதத்தின் சாரம். எதிர்க்கட்சிக்காரரிடம் கையெழுத்துக் கேட்கவே இல்லை! ஏன்? இது எதிர்க்கட்சிக்காரன் கிளப்பிய கலகம் என்று தள்ளிவிடுவார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் மட்டும், ஒவ்வொருவராகப் போய்ப் பேசி வாங்கினார். அவரோடு சேர்ந்து 43 கையெழுத்து. தேதி 1943 மார்ச் 17. ஹிட்லரின் கூட்டாளி நாட்டில், ஹிட்லர் உயிரோடு இருக்கும்போது, ஹிட்லரின் நண்பரான பிரதமருக்கு, அவர் கட்சிக்காரர்களே எழுதிய கடிதம்!

நாம் அபார்ட்மெண்ட்டில் தண்ணீர் வரலைன்னு ஒரு மனு எழுதி, கையெழுத்து வாங்கப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? "நீங்க போடுங்க சார், நான் கடைசியில போடறேன்." (சிரிப்பு) எல்லோரும் கடைசியில் போடுகிறவர்கள் என்றால் முதலில் யார்தான் போடுவது? அங்கே முதலில் பெஷெவ் போட்டார்.

பிரதமருக்கு வந்த கோபத்தைச் சொல்லவேண்டியதில்லை. கையெழுத்தை வாபஸ் வாங்கு என்று ஒவ்வொருவரையும் நெருக்கினார்கள். சிலர் வாங்கிக்கொண்டார்கள். அவர்களை நான் ஏசமாட்டேன், வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருக்கும். பெஷெவ் அசையவில்லை. மார்ச் மாதம் முடிவதற்குள் துணை சபாநாயகர் பதவியிலிருந்து நீக்கினார்கள். எழுந்து பதில் சொல்லக்கூட விடவில்லை. ஐந்து வருஷம் மற்றவர்களைப் "பேசுங்கள்" என்று அழைத்த மனிதருக்கு, அவர் நடத்திய சபையிலேயே பேச வாய்ப்பில்லை.

இப்போது எதிரணி ஒரு கேள்வி கேட்கும். கேட்கத்தான் வேண்டும். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன். "புதிய நிலத்து யூதர்கள் என்ன ஆனார்கள்?"

(அமைதி)

போய்விட்டார்கள் ஐயா. 11,343 பேர். திரேஸில் மார்ச் 4-ஆம் தேதி விடியற்காலையிலேயே பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிடித்தது ஜெர்மானியப் போலீஸ் இல்லை, பல்கேரியப் போலீஸ். ரயில் பெட்டியில் அடைத்துப் பல்கேரியா வழியாகவே கொண்டுபோனார்கள். குளிர்காலம். அந்தப் பரிதாபத்தை வழியில் பார்த்த ஓர் உறுப்பினர் பெஷெவிடம் வந்து சொன்னார். திரேஸ் யூதர்களை டான்யூப் நதிக்கரையில் படகில் ஏற்றி வியன்னா, அங்கிருந்து மறுபடி ரயில், ட்ரெப்ளிங்கா. ட்ரெப்ளிங்கா என்பது வேலை வாங்குகிற முகாம் இல்லை. இறங்கினவுடன் கொல்வதற்கென்றே கட்டிய இடம். அநேகமாக ஒருவர்கூடத் திரும்பவில்லை.

பெஷெவ் கடிதம் எழுதிய அதே மார்ச் மாதத்தில்தான் இதுவும் நடந்தது. ஏன் இவர்களைக் காப்பாற்ற முடியவில்லை? அம்மா, இதற்குப் பதில் உங்கள் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1942-ல் பல்கேரிய அரசு ஓர் ஆணை போட்டது. புதிய நிலங்களில் இருக்கிற மக்களுக்கெல்லாம் பல்கேரியக் குடியுரிமை, யூதர்கள் நீங்கலாக! ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்கு இந்தப் பக்கம் நின்ற 48,000 பேருக்காகப் பேச ஒரு நாடாளுமன்றம் இருந்தது. அந்தப் பக்கம் நின்ற 11,343 பேரும் யாருக்கும் குடிமக்கள் இல்லை. அவர்கள் ஊர்களிலிருந்து சோஃபியாவுக்கு ரயில் ஏற நாலு பேர் இல்லை. அவர்களுக்கு அந்தச் சபையில் பள்ளித் தோழன் இல்லை.

பெஷெவின் மனசும் அந்த வரியில் போய் முட்டிக்கொண்டது என்பதை நான் மறைக்கமாட்டேன். தன் ஊர், தன் தெரு, தன் தோழன் என்று வந்தபோது விழித்த மனசு அது. பார்க்காத ஊர்க்காரனுக்காக அதே வேகத்தில் விழிக்கவில்லை. விழித்தபோது நேரமும் இல்லை. 2013-ல், எழுபது வருஷம் கழித்து, பல்கேரிய நாடாளுமன்றம் அந்த 11,343 பேரைச் சொல்லி வருத்தம் தெரிவித்தது. அந்த வருத்தம் போய்ச் சேர வேண்டியவர்களில் யார் இருந்தார்கள்?

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். இரண்டு நிமிஷம் கொடுங்க, என் ஆளை ஜெயிலில் விட்டுட்டுப் போக முடியாது. (சிரிப்பு)

அந்த மே மாதம் சோஃபியா யூதர்களை நகரத்திலிருந்து சிற்றூர்களுக்குத் துரத்தினார்கள், ஆண்களைச் சாலை வேலைக்கு அனுப்பினார்கள். துன்பம் தீரவில்லை. ஆனால் நாட்டைவிட்டு ரயில் போகவே இல்லை. அந்த 48,000 பேரும் உயிரோடு யுத்தத்தைக் கடந்தார்கள். இந்தப் பெருமை ராஜாவுக்கா, திருச்சபைக்கா, நாடாளுமன்றத்துக்கா என்று அங்கே இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது, நமக்கு அங்கே அழைப்பு வரவில்லை. (சிரிப்பு)

1944 செப்டம்பரில் ஆட்சி மாறியது. கம்யூனிஸ்டுகள் வந்தார்கள். பழைய சபையின் உறுப்பினர்களை எல்லாம் 'மக்கள் நீதிமன்றத்தில்' நிறுத்தினார்கள். பிரதமர் ஃபிலோவுக்கு மரண தண்டனை. உள்துறை காப்ரோவ்ஸ்கிக்கு மரண தண்டனை. அத்தோடு விட்டார்களா? அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களிலும் பலருக்கு மரண தண்டனை! கடிதத்தை வாங்கினவரும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் ஒரே தராசில்.

பெஷெவையும் கூண்டில் ஏற்றினார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? யூதர்களிடம் காசு வாங்கிக்கொண்டுதான் காப்பாற்றினார் என்பது! ஒரு மனுஷன் காசு வாங்காமல் இன்னொரு மனுஷனைக் காப்பாற்றுவான் என்பதையே நம்ப முடியாத அரசாங்க வக்கீல். அதற்குள்ளேயும் அந்தப் பழைய ஷைலாக் ஒளிந்திருக்கிறான், கவனித்தீர்களா? யூதன் என்றால் பணம், பணம் என்றால் யூதன். ஆட்சி மாறிவிட்டது, நட்சத்திரம் கழற்றியாகிவிட்டது, 1940-ன் சட்டம் குப்பைக்குப் போய்விட்டது. வெறுப்பு மட்டும் வேறு சட்டை போட்டுக்கொண்டு அதே நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறது! (நீண்ட கைதட்டல்)

பதினைந்து வருஷம் சிறை என்று தீர்ப்பு. முழுதும் வைக்கவில்லை, சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ஆனால் வக்கீல் தொழில் போய்விட்டது, சொத்து போய்விட்டது. இப்படி ஒருவர் இருந்தார் என்பதையே ஊர் மறந்தது. அவர் காப்பாற்றிய யூதர்களில் பெரும்பாலோர் 1948, 1949-ல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். 1973-ல் ஜெருசலேமின் யாத் வஷேம் நிறுவனம் அவரை நல்லோர் வரிசையில் சேர்த்தது. அதே வருஷம் அவர் இறந்துபோனார். 1998-ல் கேப்ரியலே நிஸ்ஸிம் என்கிற இத்தாலிப் பத்திரிகையாளர் புத்தகம் எழுதினபோதுதான் வெளி உலகம், அட, இப்படி ஒரு மனிதரா என்று திரும்பிப் பார்த்தது. கியுஸ்தெண்டிலில் அவர் பெயரில் இப்போது ஒரு நினைவு இல்லம் இருக்கிறது.

அந்த நீதிமன்றத்தில் அவர் உயிர் எப்படித் தப்பியது? அதையும் சொல்லிவிடுகிறேன். பெஷெவ் நீதி அமைச்சராக இருந்தபோது தம்யான் வெல்செவ் என்ற ராணுவ அதிகாரிக்கு மரண தண்டனை விதித்திருந்தார்கள். அதை நிறைவேற்றவிடாமல் தடுத்தவர்களில் பெஷெவ் முக்கியமானவர். அதே வெல்செவ் 1944-ல் புதிய அரசாங்கத்தில் யுத்த மந்திரி! பெஷெவுக்காக வாதாடிய வழக்கறிஞர் இந்தப் பழைய கதையை எடுத்துக் கோர்ட்டில் வைத்தார். உங்கள் மந்திரி இன்று உயிரோடு இருப்பதே இந்த மனிதரால்தான் என்றார்.

வழக்கறிஞர் அம்மா, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி இல்லை, பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி கேட்கிறேன். ஆளுங்கட்சிக்கு வேண்டாத ஒருவருக்காக, கூண்டில் நின்ற பழைய ஆட்சிக்காரருக்காக, அந்த நேரத்தில் வாதாட வந்த அந்த வழக்கறிஞரின் பெயர் யோசிஃப் யாஷரோவ். அவர் ஒரு யூதர். அவரை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அம்மா அந்தக் கோர்ட்டுக்கு அழைத்து வந்தது?



(கைதட்டல்)